கனகாங்கி பாடினால் வீட்டுக்கு ஆகாதா?

 

இது கொஞ்சம் நீளமான பதிவு. மூன்று நாளாக எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன். இன்று காலை காபி குடித்த கையோடு உட்கார்ந்துவிட்டேன். பொறுமையாகப் படியுங்கள். "டீச்சர், சுருக்கமா சொல்லக் கூடாதா" என்று கேட்பவர்கள் கடைசி பெஞ்சுக்காரர்கள் என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் அக்காவின் பேத்தி ஒரு நிமிட ஒலிப்பதிவு ஒன்றைப் போட்டாள். பதினான்கு வயதுக் குழந்தை. நவராத்திரியில் கொலுவுக்கு முன்னால் பாடுவதற்காகக் கனகாங்கி ராகம் பழகிக்கொண்டிருக்கிறாள். அதில் ஒரு சின்ன ஆலாபனை. பத்து நிமிடத்தில் கீழே ஒரு பதில் வந்தது. "அது விவாதி ராகம். வீட்டில் பாடக் கூடாது. குடும்பத்துக்கு ஆகாது. இந்த வீட்டில் ஏற்கெனவே பட்டது போதாதா?" எழுதியவர் பெயர் இங்கே வேண்டாம். என்னைவிட வயதில் பெரியவர், அந்தக் குழந்தை மேல் பாசம் உள்ளவர். அதற்கு ஏழு பேர் கைகூப்பும் படம் போட்டிருந்தார்கள். சாயங்காலம் பார்த்தால் குழந்தை பதிவையே அழித்துவிட்டாள்.

"ஏற்கெனவே பட்டது" என்னவென்று இளையவர்களுக்குத் தெரியாது. பெரியவர்கள் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் சொல்கிறேன்.

1972. எனக்குப் பதினான்கு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. தெருக்கோடியில் இருந்த ஒரு பாகவதரிடம் அக்கா எட்டு வருஷமாகப் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தாள். எங்கள் தெருவில் அக்கா பாட ஆரம்பித்தால் திண்ணையில் சீட்டாடுகிறவர்கள் கூடப் பேச்சை நிறுத்துவார்கள். அந்த வருஷம் பாகவதர் அவளுக்குக் கனகாங்கி சொல்லிக் கொடுத்தார். விடியற்காலையில் சுருதிப்பெட்டியை வைத்துக்கொண்டு தாழ்வாரத்தில் உட்கார்ந்து ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பாடுவாள். பாதித் தூக்கத்தில் கேட்டால் யாரோ வாசற்படியிலேயே நின்றுகொண்டு உள்ளே வருவதா வேண்டாமா என்று யோசிப்பது போல இருக்கும். இருபது நாள் ஆகியிருக்கும். அப்பா மாரடைப்பில் போய்விட்டார்.

காரியத்துக்கு வந்த உறவில் ஒருவர்தான் முதலில் சொன்னார்: "அந்த ராகத்தை வீட்டுக்குள்ள பாடலாமா?" அவ்வளவுதான். பதினாறாம் நாளுக்குள் அது தீர்ப்பாகிவிட்டது. அம்மா எதுவும் சொல்லவில்லை. சுருதிப்பெட்டியை எடுத்துப் பரணில் வைத்தாள். அக்கா அதற்குப் பிறகு பாடவே இல்லை. மறுவருஷம் கல்யாணம் ஆயிற்று. பாகவதரும் எங்கள் வாசல் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

ஒன்றை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நானும் சொன்னேன். தாழ்வாரத்தில் நின்றுகொண்டு அக்காவின் முகத்தைப் பார்த்து, "உன்னாலதான் அப்பா போயிட்டாரு" என்றேன். அவள் திரும்பப் பேசவில்லை.

சரி, ராகத்துக்கு வருகிறேன். நான் பெரிய சங்கீத விற்பன்னர் இல்லை. இரண்டு வருஷம் ஆசிரியர் பயிற்சி முடித்து முப்பத்தாறு வருஷம் தொடக்கப் பள்ளியில் பாடம் நடத்தியவள். காலைப் பிரார்த்தனைக்கு ஆர்மோனியம் வாசித்திருக்கிறேன், அவ்வளவுதான். (அந்த ஆர்மோனியம் நினைவிருக்கிறதா? துருத்தி கிழிந்து சைக்கிள் டியூப் ஒட்டுப் போட்டிருக்குமே!) ஓய்வு பெற்ற பிறகு, மனதில் ஐம்பது வருஷமாக உறுத்திக்கொண்டிருந்த இந்த ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும் என்றே புத்தகங்களைப் படித்தேன், நிறையக் கேட்டேன். புரிந்ததைக் கணக்குப் பாடம் போலச் சொல்கிறேன்.

கீழ் ச-விலிருந்து மேல் ச வரைக்கும் ஒரு படிக்கட்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் பன்னிரண்டு படி. கீபோர்டில் வெள்ளையும் கறுப்புமாக எண்ணிப் பார்த்தால் அதே பன்னிரண்டு. ஒரு ராகம் எல்லாப் படியிலும் கால் வைக்காது. ஏழு சுரமும் உள்ள ராகமானால் ஏழு படிகளில் மட்டும் நிற்கும். எந்தப் படிகளில் நிற்கிறது, எவற்றைத் தாண்டுகிறது என்பதில்தான் ஒரு ராகத்தின் முகமே இருக்கிறது.

பாட்டு வகுப்புக்குப் போன எல்லோரும் முதலில் கற்றது மாயாமாளவகௌளை. சரளி வரிசை அதில்தான். அதில் ச-விலிருந்து ரி-க்கு ஒரு படி. ரி-யிலிருந்து க-வுக்கு மூன்று படி. க-விலிருந்து ம-வுக்கு ஒரு படி. அதாவது ஒன்று, மூன்று, ஒன்று. பிறகு ம-விலிருந்து ப-வுக்கு இரண்டு படி ஏறி, ப-த-நி-ச-விலும் மறுபடி ஒன்று, மூன்று, ஒன்று. மேல் பாதி கீழ் பாதியின் நகல். குழந்தைகளுக்கு அதை முதலில் வைத்ததில் அர்த்தம் இருக்கிறது.

இப்போது கனகாங்கி. எழுபத்திரண்டு மேளகர்த்தாவில் முதல் மேளம். ச-விலிருந்து ரி-க்கு ஒரு படி, ரி-யிலிருந்து க-வுக்கு ஒரு படி, க-விலிருந்து ம-வுக்கு மூன்று படி. ஒன்று, ஒன்று, மூன்று. மேல் பாதியிலும் அதேதான். கீபோர்டில் ஒரு கட்டை சுருதி வைத்து வாசித்துப் பாருங்கள்: ச வெள்ளை, அடுத்த கறுப்பு ரி, அடுத்த வெள்ளை க. மூன்று கட்டைகள் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நிற்கும். பிறகு ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் தாண்டி ம. வாசற்படியிலேயே தயங்கித் தயங்கி நின்றுவிட்டு ஒரே தாவலில் கூடத்துக்குப் போவது போல. அன்று பாதித் தூக்கத்தில் எனக்குத் தோன்றியது தவறில்லை, பாருங்கள்!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முப்பத்தாறாவது மேளம் சலநாட்டை. அதில் மூன்று, ஒன்று, ஒன்று. முதலில் தாவல், பிறகு நெருக்கம்.

ஆக ஒன்று, ஒன்று, மூன்று என்ற அதே படிகள்தான் மூன்றிலும். நடுவில் பெரிய படியை வைத்தால் குழந்தைகள் பாடும் மாயாமாளவகௌளை. முதலில் வைத்தால் சலநாட்டை. கடைசியில் வைத்தால் கனகாங்கி. இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரே மூன்று சாமான்களை இடம் மாற்றி அடுக்கியதற்கா அப்பாவின் சாவைக் கணக்கில் எழுதினோம்?

பிறகு ஏன் இதற்கு 'விவாதி' என்று பெயர்? பன்னிரண்டு படிகளுக்கு நம் சங்கீதத்தில் பதினாறு பெயர்கள் உண்டு. நான்கு படிகளுக்கு இரண்டு இரண்டு பெயர். ச-விலிருந்து இரண்டாவது படியை எடுத்துக்கொள்ளுங்கள். சங்கராபரணத்தில் அதன் பெயர் ரி. கனகாங்கியில் அதே படியின் பெயர் க. காரணம், கனகாங்கியில் முதல் படியிலேயே ஒரு ரி உட்கார்ந்துவிட்டது. ஒரு ராகத்தில் இரண்டு ரி வைப்பதில்லை, ஆகவே பக்கத்தில் வந்தவருக்குக் க என்று பெயர். ஒரே பெயரில் இரண்டு பையன்கள் வகுப்பில் இருந்தால் வருகைப் பதிவேட்டில் ஒருவனுக்கு இன்ஷியல் சேர்த்துக் கூப்பிடுவோமே, ஏறக்குறைய அந்த மாதிரி.

பெயரை மாற்றிவிட்டோம், ஆனால் காது லேசில் ஏமாறாது. அந்த இரண்டாவது படியைப் பாடியதும் பழகின காது "இது ரி" என்கிறது, தொண்டை அடுத்து பழைய க-வுக்கு நழுவப் பார்க்கிறது. இதுதான் இந்த ராகத்தின் கஷ்டம். ம-விலிருந்து இறங்கி வந்து அந்த இடத்தில் நின்றால்தான் 'ஓ, இது க' என்று காதுக்கு உறைக்கும். தம்புராவோ ச-வை விடாமல் மீட்டிக்கொண்டிருக்கும். அதற்கு ஒட்டினாற்போல இரண்டு சுரம் நிற்கும்போது ஒரு உரசல் வரும். சுத்தமாகப் பாடினால் அந்த உரசல் மூச்சைப் பிடித்துக் கேட்க வைக்கும். கொஞ்சம் பிசகினாலும் அபசுரம். பழைய பாட்டுக்காரர்கள் ஒதுக்கினார்கள் என்றால் அதில் நியாயம் இருக்கிறது.

பழைய நூல்கள் வாதி சுரத்தை அரசன் என்றும், சம்வாதியை மந்திரி என்றும், அனுவாதியைச் சேவகன் என்றும், விவாதியைப் பகைவன் என்றும் உவமை சொல்கின்றன. ஒரு சுரத்துக்கு இன்னொரு சுரம் பகை, அவ்வளவுதான் விஷயம். சுரத்துக்குச் சுரம் பகை என்று எழுதியிருந்ததை வீட்டுக்குப் பகை என்று படித்துவிட்டோம்.

எழுபத்திரண்டு மேளத்தை வகுத்தவர் வேங்கடமகி. 17-ஆம் நூற்றாண்டு, தஞ்சை நாயக்கர் காலம், நூல் சதுர்தண்டிப் பிரகாசிகை. அவர் காலத்தில் வழக்கில் இருந்தவை பத்தொன்பது மேளங்கள்தான். மற்றதெல்லாம் கணக்குப் போட்டு வந்தவை. ரி-க சேர்க்கை ஆறு, த-நி சேர்க்கை ஆறு, ம இரண்டு வகை. ஆறாறு முப்பத்தாறு, இரண்டால் பெருக்கினால் எழுபத்திரண்டு. அந்த ஆறு சேர்க்கையில் இரண்டு விவாதி, நான்கு விவாதி இல்லாதவை. ஆக விவாதியே படாத மேளம் நான்கு நான்கு பதினாறு, இரண்டால் பெருக்கினால் முப்பத்திரண்டு. மீதி நாற்பதும் விவாதி. தோஷம் என்று ஒதுக்குவதானால் பாதிக்கு மேல் ஒதுக்க வேண்டும். நம் ஊர் வாய்ப்பாடே போதும் இதற்கு.

தீட்சிதர் வழியில் ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். அங்கே முதல் மேளத்தின் பெயர் கனகாம்பரி. அதில் ஏறும்போது க-வையும் நி-யையும் விட்டுவிடுவார்கள், இறங்கும்போது மட்டும் தொடுவார்கள். உரசலைக் குறைப்பதற்கான வழி அது. கஷ்டமான இடத்தை எப்படிக் கடப்பது என்று யோசித்திருக்கிறார்கள். பாடவே பாடாதே என்று பூட்டுப் போடவில்லை.

இன்னொரு விஷயம் கேளுங்கள். நாட்டை ராகம் சலநாட்டையில் பிறந்தது. விவாதி ரி உள்ளது. கச்சேரிகளில் பிள்ளையார் பாட்டு பல சமயம் அதில் தொடங்குகிறது. திருவையாற்றில் தியாகராஜ ஆராதனையில் பஞ்சரத்தினம் பாடும்போது முதல் கீர்த்தனை நாட்டை. அந்த ஐந்திலேயே இன்னொன்று வராளி, அதுவும் விவாதி. ஆக ஐந்தில் இரண்டு. காவிரிக் கரையில் ஆயிரக்கணக்கான பேர் உட்கார்ந்து வருஷா வருஷம் கேட்கிறோம். எழுந்து வீட்டுக்கு வந்து சாப்பிடுகிறோம். யாரும் பரிகாரம் செய்வதாகத் தெரியவில்லை.

வராளியைப் பற்றியும் ஒரு நம்பிக்கை உண்டு. குரு அதை நேராகச் சொல்லிக் கொடுத்தால் குருவுக்கும் சீடனுக்கும் பிரிவு வந்துவிடுமாம். அதனால் சீடன் தானாகக் கேட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டுமாம். நான் முப்பத்தாறு வருஷம் வகுத்தல் கணக்கு நேராகச் சொல்லிக் கொடுத்தேன். அதில் பிரிந்து போனவர்கள் கொஞ்சமா நஞ்சமா! ஆனால் இதில் ஒரு உண்மையும் இருக்கிறது. சில இடங்கள் சொல்லி வராது, காதால்தான் வரும். அந்த நல்ல புத்திமதிக்கு யாரோ பயத்தை உறையாகப் போட்டிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.

கோடீஸ்வர ஐயர் எழுபத்திரண்டு மேளத்திலும் தமிழில் கீர்த்தனை செய்தார், கனகாங்கியையும் விடவில்லை. அவற்றை ஊர் அறியப் பாடியவர் எஸ்.ராஜம், வீணை பாலசந்தரின் அண்ணன், நல்ல ஓவியர். விவாதி ராகங்கள் என்றாலே அவர் பெயர்தான் நினைவுக்கு வரும். 1919-ல் பிறந்து 2010-ல் காலமானார். தொண்ணூறு வயது. "பார்த்தீர்களா, கனகாங்கி பாடினால் ஆயுசு கெட்டி" என்று நான் சொல்ல மாட்டேன். அது பிழையான நியாயம். அது பிழை என்றால் அப்பாவின் விஷயத்தில் நாம் சொன்னதும் அதே பிழைதானே? அப்பா ரைஸ் மில்லில் கணக்கு எழுதினவர். நாளைக்கு ஆறேழு சுருட்டு. இரண்டு வருஷமாக மார்வலி என்று சொல்லிக்கொண்டிருந்தார். வாயு என்று இஞ்சிச் சாறு கொடுத்தோம். ஒரு தடவை கூட ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவில்லை. அந்த இஞ்சிச் சாற்றை யாரும் குற்றம் சொல்லவில்லை. பதினெட்டு வயதுப் பெண்ணின் பாட்டு கைக்குச் சுலபமாக அகப்பட்டது.

சினிமா பார்த்து வளர்ந்தவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1985-ல் வந்த 'சிந்து பைரவி'யில் மோகத் தீயைப் பற்றி யேசுதாஸ் ஒரு பாட்டுப் பாடுவாரே, இளையராஜா அதைக் கனகாங்கியில்தான் அமைத்தார். அதற்கு மூன்று வருஷம் முன்னால் 'நினைவெல்லாம் நித்யா'வில் எஸ்.பி.பி. பாடிய பனியும் மலர்வனமும் வரும் பாட்டு சலநாட்டை. இரண்டையும் டேப் ரிக்கார்டரில் தேயத் தேயக் கேட்டவர்கள்தான் அன்று குழுவில் கைகூப்பியவர்களில் நான்கு பேர். பெயர் சொல்ல மாட்டேன், அவரவர்க்குத் தெரியும். என் வீட்டிலும் அந்தக் கேசட் இருந்தது. யேசுதாஸ் பாட்டு வந்தால் மட்டும் நான் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவேன்.

என் கருத்தை நேராகவே சொல்கிறேன். கனகாங்கி சங்கீதம் தொடங்கும் குழந்தைக்கு உரியதல்ல. காது பழகாமல் அதில் இறங்கினால் சுருதி கெடும். அதற்குப் பயப்பட வேண்டும், அது ஆரோக்கியமான பயம். ஆனால் ஏழெட்டு வருஷம் பாடின குழந்தை, சொல்லிக் கொடுக்க ஒரு டீச்சர் இருக்கும்போது, வீட்டில் பாடலாம். கொலுவில் பாடலாம். கஷ்டமான கணக்கை அபசகுனமான கணக்கு என்று சொல்லி ஒரு பிள்ளையை எழுப்பி வெளியே நிறுத்தினால் நாம் என்ன ஆசிரியர்கள், என்ன பெரியவர்கள்?

"சாஸ்திரத்தை எதிர்க்கிறாயா" என்று கேட்பவர்களுக்கு: எதிர்க்கவில்லை. சாஸ்திரத்தை எடுத்துப் படித்தேன். நீங்களும் படியுங்கள். "பெரியவர்கள் மனசு நோகுமே" என்பவர்களுக்கு: எனக்கும் அறுபத்தேழு ஆகிறது, நானும் பெரியவள்தான்.

இதை எழுதுவதற்கு முன்னால் திருச்சிக்கு அக்காவிடம் பேசினேன். மகளோடு இருக்கிறாள், எழுபத்தொன்று ஆகிறது. குழுவில் நடந்ததைப் பற்றி என்ன நினைக்கிறாளோ என்று பயந்து பயந்துதான் ஆரம்பித்தேன். அவள் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "அழிக்கறதுக்கு முன்னாடி கேட்டேண்டி. குழந்தை ரி-யை ஆட்டிப் பாடறா. அங்க ஆட்டக் கூடாது, ஆட்டினா க-வில போய் இடிக்கும். நேரா நிறுத்தணும். ம-லேருந்து வரும்போது க-வை கொஞ்சம் தாமதிச்சுத் தொடச் சொல்லு" என்றாள். பிறகு போனிலேயே பாடிக் காட்டினாள். குரல் நடுங்கியது. ரி நடுங்கவில்லை.

ஐம்பது வருஷத்துக்கு மேல் இதை எங்கே வைத்திருந்தாள் என்று தெரியவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை. போனை வைத்த பிறகுதான் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை என்று உறைத்தது. அக்கா ஃபேஸ்புக்கில் இல்லை. அவள் மகள் படித்துக் காட்டுவாள். அக்கா, அன்று தாழ்வாரத்தில் நான் சொன்னது பொய். அப்பா உன்னால் போகவில்லை. பதினான்கு வயதில் தெரியாமல் சொன்னேன், ஆனால் தெரிந்த பிறகும் இத்தனை வருஷம் பேசாமல் இருந்தேன். மன்னித்துவிடு.

குழந்தையிடம் அந்தப் பதிவை மறுபடி குழுவில் போடச் சொல்லியிருக்கிறேன். இந்த நவராத்திரிக்கு அக்கா வீட்டிலேயே பத்து நாள் இருக்கப் போகிறேன். பேத்தி பாடுவது சரஸ்வதி பூஜை அன்று சாயங்காலம். ஆறரை மணிக்கு வந்துவிட்டால் முழுதும் கேட்கலாம். சுண்டல் என் பொறுப்பு. பரணில் இருந்த சுருதிப்பெட்டி இப்போது என் வீட்டில்தான் இருக்கிறது. ஒரு நாக்கு உடைந்திருக்கிறது. திருச்சி பக்கம் ஆர்மோனியம், சுருதிப்பெட்டி ரிப்பேர் செய்கிறவர்கள் யாராவது தெரிந்தால் கீழே சொல்லுங்கள்.